விடை கூறாத கொலைக்கதை: டொனா டார்ட்டின் 'சின்னத் தோழன்'

கொலையொன்றைக் கூறித் தொடங்கும் நாவலைக் கையிலெடுக்கும் வாசகன், நூலை மூடுமுன் கொலைஞன் இன்னான் என அறியும் உரிமை தனக்கு உண்டு எனக் கருதுகின்றான். இவ்வெண்ணம் தவறானதன்று. 1841இல் எட்கார் அலன் போ எழுதிய சிறுகதையோடு உருப்பெற்று, கொனன் டொயிலின் கைகளில் உலகெங்கும் பரவிய துப்பறியுங் கதை வாசகனோடு செய்துகொண்ட உடன்படிக்கை அதுவேயாகும். முடிச்சு எத்துணை இறுக்கமாயினும் ஈற்றில் அவிழும். குற்றவாளி எவ்வளவு மறைந்திருப்பினும் வெளிப்படுவான். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் காலந்தொட்டுத் தமிழில் இவ்வகை நாவல்களைப் படித்துப் பழகியோரும் இவ்வுடன்படிக்கையை நன்கறிவர். அமெரிக்க நாவலாசிரியை டொனா டார்ட் 2002இல் வெளியிட்ட 'தி லிட்டில் பிரண்ட்' என்னும் நாவல் (தமிழிற் 'சின்னத் தோழன்' எனலாம்) அதனை அறிந்தே மீறிய நூல். 500 பக்கங்களுக்கு மேல் வாசகனை உடன் அழைத்துச் சென்று, முதற் பக்கங்களில் நிகழ்ந்த கொலையைச் செய்தவர் யாரெனக் கூறாமலே அது முடிகின்றது. நூல் வெளிவந்த காலத்தில் இதனாற் சினங்கொண்ட வாசகரும் மதிப்புரையாளரும் பலர். அவர்தம் சினம் தகுமா, அன்றி விடையை மறுத்தலிலேயே இந்நாவலின் பொருள் அடங்கியுள்ளதா என்பது ஆராயத்தக்கது.

டொனா டார்ட் 1963இல் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த கிறீன்வூட் என்னும் ஊரிற் பிறந்தவர். 1992இல் வெளிவந்த அவரது முதல் நாவலாகிய 'தி சீக்ரெட் ஹிஸ்டரி'யிலும் கொலை உண்டு. ஆயின் அங்கே கொன்றவர் யாவர், கொல்லப்பட்டவன் யாவன் என்பன முன்னுரையிலேயே கூறப்பட்டுவிடுகின்றன. கொலை ஏன் நிகழ்ந்தது, அதன்பின் கொலைஞர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பனவே கதை. பத்தாண்டுகள் கழித்து எழுதிய இரண்டாவது நாவலில் அவர் நேர்மாறான வழியிற் சென்றார். ஒன்றில் விடை முதலிலேயே தரப்படுகின்றது. மற்றொன்றில் இறுதிவரை தரப்படவில்லை. இரண்டிலும் 'யார் செய்தது' என்னும் வினா ஆசிரியைக்கு முதன்மையானதன்று என்பதை இவ்விரண்டையும் ஒருசேர நோக்குவோர் உணர்வர். இதனை உணராது இரண்டாவது நூலைப் படித்தோரே ஏமாந்தனர்.

கதை நிகழுமிடம் மிசிசிப்பியில் அலெக்சாந்திரியா என்னும் கற்பனைச் சிற்றூர். அன்னையர் தினமாகிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளீவ் குடும்பத்தார் விருந்துண்ணக் கூடியிருக்கின்றனர். வழக்கமாக நண்பகலில் நடைபெறும் விருந்தை அவ்வாண்டு மாலைக்கு மாற்றியவள் சார்லற் என்னும் தாய். வானம் இருண்டு மழை வருகின்றது. ஒன்பது வயதுச் சிறுவன் றொபின் காணப்படவில்லை. தேடியபோது வீட்டு வளவிலுள்ள மரமொன்றிற் கயிற்றிலே தொங்கும் பிணமாக அவன் காணப்படுகின்றான். அவ்வேளையில் நான்கு வயதினளாகிய அலிசனும் கைக்குழந்தையாகிய ஹரியற்றும் அருகிலேயே இருந்தனர். ஒருத்தி கண்டதனைக் கூறவறியாள். மற்றவள் காணவே அறியாள். கொலைஞன் பிடிபடவில்லை. நாவலின் முதன்மைக் கதை இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகட்குப் பின்னர், 1970களின் ஒரு கோடையிலே தொடங்குகின்றது. கைக்குழந்தையாயிருந்த ஹரியற் இப்பொழுது பன்னிரண்டு வயதுச் சிறுமி.

இப்பன்னிரண்டு ஆண்டுகளில் அவ்வீடு அடைந்த நிலையை ஆசிரியை மிகுந்த பொறுமையோடு வரைந்துள்ளார். தாய் உறக்க மருந்துகளின் மயக்கத்திற் படுக்கையறையை விட்டு அரிதாகவே வெளிவருகின்றாள். தந்தை வேறோர் ஊரில் வேறொருத்தியோடு வாழ்கின்றான். பழைய செய்தித்தாள்கள் வீடெங்கும் குவிந்து கிடக்கின்றன. விருந்து வேளையை மாற்றியதே மகனின் சாவுக்குக் காரணம் எனத் தாய் தன்னைத்தானே நோகின்றாள். அறிவுக்கு ஒவ்வாத காரணமே. எனினும் இழவுற்றோர் யாவரும் இத்தகைய காரணமொன்றைப் பற்றிக்கொள்வர் என்பதை அறியாதார் இலர். கொன்றவன் இன்னான் எனத் தெரியாதவிடத்துத் தாய் தன்னையே குற்றவாளியாக்கிக் கொள்கின்றாள். மகள் பிறனொருவனைக் குற்றவாளியாக்க முற்படுவதும் இதே வெறுமையை நிரப்புதற்கேயாம். இவ்விரண்டினையும் இணைத்துப் படியாதவர்க்கு ஹரியற்றின் செயல் வெறும் சிறுபிள்ளை விளையாட்டாகவே தோன்றும்.

கிளீவ் குடும்பத்தார் கதை சொல்வதில் வல்லவர். பாட்டி ஈடியும் அவள் சகோதரியராகிய லிபி, டாட், அடிலெய்ட் ஆகியோரும் கூடியமர்ந்தால், கைவிட்டுப்போன மூதாதையர் மாளிகையைப் பற்றியும் அங்கு வாழ்ந்தோரைப் பற்றியும் ஓயாது பேசுவர். ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்துக்கொள்வர். கூறக்கூற நிகழ்ச்சிகள் மெருகேறும். கசப்பானவையும் நாளடைவில் இனிமையுடையனவாகும். துயரமான செய்திகள்கூட இவ்வாறு பலமுறை பகிர்ந்துரைக்கப்பட்டுத் தாங்கத்தக்க வடிவம் பெற்றுவிடும். றொபினைப் பற்றியும் பேசுவர். அவனது குறும்பையும் அழகையும் பாராட்டுவர். ஆனால் அவன் இறந்த அந்த மாலையைப் பற்றி மட்டும் எவரும் வாய்திறவார். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு வகுத்த நிலைக்களன்களுள் இழவும் ஒன்று. இழவு நேர்ந்தவிடத்து ஒப்பாரி வைத்தலும் கையறுநிலை பாடுதலும் தமிழர் மரபு. இழந்ததனைச் சொல்லிச் சொல்லியே மனம் ஆறுகின்றது. பிற மக்களிடத்தும் இம்மரபு வெவ்வேறு வடிவங்களில் உண்டு. கிளீவ் குடும்பத்தாரிடத்து இத்துறை மிகுதியாகவே உண்டாயினும், மிகவும் வேண்டப்பட்டவிடத்து அது நின்றுவிடுகின்றது. இந்நாவலின் இருள் கொலையிலே தொடங்கியது எனினும், அதனைப் பன்னிரண்டாண்டு வளர்த்தது இவ்வாய்மூடலேயாகும்.

இவ்வெற்றிடத்தில் வளர்ந்தவள் ஹரியற். தமையனை அவள் கண்டதில்லை. புகைப்படங்களிலும் மூத்தோர் பேச்சிலுமே அறிவாள். அவன் வாழ்ந்த காலத்து வீடு மகிழ்ச்சியுடையதாயிருந்தது எனவும், தான் பிறந்தபின் அது அழிந்தது எனவும் மட்டும் அறிவாள். தான் காணாத ஒரு பொற்காலத்தை மீட்டெடுக்கும் வேட்கை இங்கிருந்தே பிறக்கின்றது. கூர்மையும் பிடிவாதமும் மிக்க இச்சிறுமி, வீரச்செயல் நூல்களைப் படிப்பதிலே பொழுதைக் கழிக்கின்றாள். தென்துருவம் சென்று மாண்ட கப்டன் ஸ்கொட்டும், பூட்டிய பெட்டிகளிலிருந்து தப்பும் வித்தைகாட்டிய ஹூடினியும் அவளது வழிபாட்டுக்குரியோர். ஹூடினியைப் போல நீருக்கடியில் மூச்சடக்கப் பயில்கின்றாள். அவள் தேர்ந்த தலைவர்கள் இருவரும் உடலைக் கடுந்துன்பத்துக்கு உட்படுத்தியோர் என்பதும், அவருள் ஒருவர் தோற்று மாண்டவர் என்பதும் கவனிக்கத்தக்கன. எல்லாம் முடிந்துபோன பின்னரும் கடமையைத் தொடர்வதே ஸ்கொட்டின் கதையில் இச்சிறுமியைக் கவர்கின்றது.

கோடை விடுமுறையில் அவள் ஒரு தீர்மானம் செய்கின்றாள்: தமையனைக் கொன்றவனைக் கண்டுபிடித்தல் வேண்டும், கண்டுபிடித்தபின் தண்டித்தல் வேண்டும். துணைக்கு ஹீலி என்னும் தோழன் வருகின்றான். சான்று எங்கே? மூத்தோர் பேசார், அலிசனுக்கு நினைவில்லை. வீட்டுப் பணிப்பெண்ணாகிய கறுப்பினத்து ஐடா றியூவின் வாயிலிருந்து வரும் சில சொற்களே ஹரியற்றுக்குக் கிடைத்த சான்று. றட்லிவ் என்னும் வறிய வெள்ளையர் குடும்பத்துச் சிறுவன் டானி, அக்காலத்தில் அவ்வளவிலே திரிந்தவன் என்கின்றாள் ஐடா. அக்குடும்பத்தாரை வெறுத்தற்கு ஐடாவுக்குத் தன் இனத்தவர் பட்ட கொடுமையின் வழியாகப் போதிய காரணமுண்டு. ஆனால் ஒருவர் மீதுள்ள வெறுப்பு வேறு, அவர் மீது சாட்டப்படும் குற்றத்துக்குச் சான்று வேறு. ஹரியற் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. டானி சிறைசென்று மீண்டவன். அவன் தமையன் பாரிஷ் போதைமருந்து காய்ச்சுபவன். அவர்கள் தோற்றமும் பேச்சும் அச்சமூட்டுவன. கொலைஞனாக இருத்தற்கு இவை போதுமென அவள் முடிவு செய்துவிடுகின்றாள்.

இவ்விடத்திற் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருதல் இயல்பு. அங்கே கணவனை இழந்த கண்ணகி நீதி வேண்டி அரசவை புகுகின்றாள். பாண்டியனோ பொற்கொல்லன் சொல்லொன்றையே சான்றாகக் கொண்டு ஆராயாது கோவலனைக் கொல்வித்தவன். முறை வேண்டி நின்றவளும் முறை பிழைத்தவனும் அக்காப்பியத்தில் இருவேறு மாந்தர். டார்ட்டின் நாவலில் அவ்விருவரும் பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியிடத்து ஒன்றாகின்றனர். நீதி கேட்டுப் புறப்பட்டவளே ஆராயாது தீர்ப்பளிப்பவளும் ஆகின்றாள். பாண்டியனுக்குத் தன் பிழையை உணர்த்தச் சிலம்பு ஒன்று இருந்தது. ஹரியற்றுக்கு முன் உடைக்கப்படும் சிலம்பு எதுவுமில்லை; அவள் பிழைபட்டாள் என்பதையும் வேறொருவரது பேச்சின் நடுவே தற்செயலாகவே அறிகின்றாள்.

அமெரிக்க இலக்கியத்தை அறிந்தோர் இந்நாவலை ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட 'டு கில் எ மொக்கிங்பேர்ட்' நாவலோடு ஒப்பிட்டுள்ளனர். தென்மாநிலச் சிற்றூர், துடுக்கான சிறுமி, கோடைகாலம், இனப் பாகுபாடு என்னும் புறவொற்றுமைகள் பல. ஆயின் லீயின் நாவலிற் சிறுமி காண்பவள். செயல் அவளது தந்தையினுடையது. அறநெறியை உணர்த்த ஒரு நல்ல தந்தை அங்கிருக்கின்றார். ஹரியற்றின் வீட்டில் அவ்விடம் வெறிதாய்க் கிடக்கின்றது. உறவு தேடுவதாயின் மார்க் டுவெயினின் ஹக்கிள்பெரி பின் கதையின் இறுதிப் பகுதியிலே தேடுதல் பொருந்தும். அங்கே டொம் சோயர், தான் படித்த வீரக்கதைகளின்படியே எல்லாம் நடைபெறல் வேண்டுமென்று பிடிவாதஞ் செய்து, எளிதில் விடுவிக்கத்தக்க ஜிம் என்னும் கறுப்பின மனிதனை வீணே துன்புறுத்துகின்றான். நூல்களிற் படித்த வீரம் உண்மையான மனிதர்மேற் பாயும்போது எத்துணைக் கொடியதாகும் என்பதை டுவெயின் நகைச்சுவையாகக் காட்டினார். டார்ட் அந்நகையை நீக்கிவிட்டு அதே உண்மையைக் காட்டுகின்றார்.

ஹரியற்றின் தன்மையை ஒரு சிறு நிகழ்ச்சியே முழுதும் வெளிப்படுத்துகின்றது. தாரிற் கால் புதைந்து துடிக்கும் கரும்பறவையொன்றை அவளும் ஹீலியும் காண்கின்றனர். அதனை மீட்கும் நல்லெண்ணத்தோடு அவள் இழுக்கின்றாள். சிறகு கிழிந்து வந்துவிடுகின்றது. ஆசிரியை இந்நிகழ்ச்சிக்கு விளக்கம் எதுவும் கூறவில்லை, கூறவேண்டியதுமில்லை. பின்னர் நிகழ்வன யாவும் இப்பறவையின் கதையாகவே நிகழ்கின்றன. டானியைக் கொல்லும் நோக்கோடு, பாம்பேந்தி வழிபடும் போதகரொருவர் கொண்டுவந்த பாம்புகளுள் நாகமொன்றைச் சிறுவர் இருவரும் திருடி, மேம்பாலத்திலிருந்து அவனது திறந்த காரினுள் எறிகின்றனர். காரை ஓட்டிவந்தவள் டானியல்லன். அவன் முதிய பாட்டி. நாகம் அவளைத் தீண்டுகின்றது. கிழவி உயிர் தப்புகின்றாள் என்பது ஹரியற்றின் நற்பேறேயன்றி வேறன்று. வீரக்கதைகளில் எறிந்த அம்பு குறிதவறுவதில்லை. வாழ்க்கையில் அது யார் மேற் சென்று தைக்கும் என்பதை எறிந்தவர் அறியார்.

இத்தகைய நிகழ்ச்சிகளே நூலின் புறக்கதை. ஆயின் நூலைப் படித்து முடித்தபின் மனத்தில் நிலைப்பவை இவையல்ல. ஐடாவின் பிரிவும் லிபியின் மரணமுமே நிலைப்பன. தாயின் அன்பை அறியாத ஹரியற்றுக்கு உணவூட்டி வளர்த்தவள் ஐடா. சிறுமி சினத்தோடும் சிந்தனையின்றியும் கூறிய குறையொன்று காரணமாக, எதனையும் ஊன்றி நோக்காத தாய் ஐடாவை வேலையினின்று நீக்கிவிடுகின்றாள். ஹரியற் அதனைத் தடுக்க முயல்கின்றாள், முயற்சி பயன்படவில்லை. துயரம் தாங்காத சிறுமி, துயரத்தை வெளிக்காட்ட அறியாதவளாய், ஐடாவிடத்தே முகங்கொடுத்துப் பேசாதிருந்து விடுகின்றாள். றொபினின் சாவை முறையாக அழுதறியாத வீட்டிற் பிறந்தவள், தன் கண்முன் நிகழும் பிரிவையும் முறையாக அழ அறியாதவளாய் இருக்கின்றாள். வாய்மூடல் தாயிடமிருந்து மகளுக்கு வந்த சொத்து என்பதை நாவலாசிரியை எங்கும் எடுத்துச் சொல்லாமலே புலப்படுத்தியுள்ளார்.

லிபியின் மரணமும் அத்தகையது. ஈடி ஓட்டிச்சென்ற கார் விபத்துக்குள்ளாகின்றது. பெரிய காயமொன்றும் இல்லையென யாவரும் ஆறுதலடைகின்றனர். லிபியின் தடுமாற்றத்தை முதுமையின் தடுமாற்றம் எனக் கொள்கின்றனர். சில நாட்களில் அவள் இறந்துவிடுகின்றாள். சிறுமிக்கு உண்மையான அன்பைக் காட்டிய மூத்தோர் மிகச் சிலர். அவருட் சிறந்தவள் லிபி. இதனோடும் நிற்காது ஆசிரியை ஒன்று செய்கின்றார். நெடுங்காலம் லிபியோடு வாழ்ந்து பணிசெய்த ஓடீன் என்னும் கறுப்பினப் பெண்ணுக்கு இச்சாவை அறிவிக்க எவரும் எண்ணவில்லை. ஓடீன் வந்து, தனக்கேன் ஒருவரும் சொல்லவில்லை எனக் கேட்குமிடம் நாவலின் மிகச் சிறந்த இடங்களுள் ஒன்று. கிளீவ் பெண்கள் கொடியவர் அல்லர்; அன்புடையோரே. அவ்வன்பின் எல்லை எங்கே முடிகின்றது என்பதை இவ்வொரு வினா காட்டிவிடுகின்றது. பன்னிரண்டாண்டுகட்கு முன் நிகழ்ந்த ஒரு கொலைக்காகப் பழிவாங்க அலையும் சிறுமிக்கு, அவள் கண்முன்னே இழக்கப்படுவோரைக் காக்க இயலவில்லை. குற்றவாளி என ஒருவரைச் சுட்டமுடியாத இழப்புக்கள் இவை. இவற்றிற்குத் துப்பறிவோன் தேவையில்லை.

நூலிற் குறைகள் இல்லாமலில்லை. றட்லிவ் சகோதரர் பற்றிய பகுதிகள் அளவுக்கு மீறி நீண்டுவிட்டன. பாரிஷின் பித்தும் டானியின் அச்சமும் முதன்முறை வரும்போது நடுக்கந் தருகின்றன; நான்காவது முறை சலிப்பூட்டுகின்றன. கதை தன் இயல்பான வேகத்தை இழந்து, பெரிய வெள்ளத்தில் அகப்பட்ட தோணிபோல ஓரிடத்திலேயே சுழல்கின்றது. இதனினும் பாரிய குறை வேறொன்றுண்டு. டானியின் மனத்துள்ளும் அவனது தமையன் யூஜீனின் மனத்துள்ளும் ஆசிரியை தாராளமாகப் புகுந்து செல்கின்றார். ஐடாவின் மனத்துள் அவ்வாறு புகவில்லை. அவளை ஹரியற்றின் கண்களாலேயே காண்கின்றோம். வீட்டைவிட்டுச் சென்றபின் அவளும் கதையிலிருந்து சென்றுவிடுகின்றாள். சிறுமிக்கு ஐடாவின் உள்ளம் தெரியாது என்பதைக் காட்டவே இவ்வாறு செய்தார் என வாதிக்கலாம். ஆனால் போதைமருந்து காய்ச்சும் மனிதருக்கு அளித்த இடத்தை, அவ்வீட்டைத் தாங்கிய பெண்ணுக்கு அளிக்காமை அவ்வாதத்தால் முற்றும் மறையாது. கிளீவ் குடும்பத்தாரின் குருட்டுத்தன்மையைக் காட்டவந்த நூல், ஓரளவுக்குத் தானும் அதிற் பங்குகொள்கின்றது.

இறுதி மோதல் ஊருக்குப் புறத்தேயுள்ள பழைய நீர்த்தொட்டிக் கோபுரத்தில் நிகழ்கின்றது. பாரிஷைச் சுட்டுக்கொன்றுவிட்டு அங்கு வந்த டானி, ஹரியற்றை நீரில் அமிழ்த்திக் கொல்ல முயல்கின்றான். ஹூடினியைப் பார்த்துப் பயின்ற மூச்சடக்கல் அவளைக் காப்பாற்றுகின்றது. டானியோ நீந்த அறியான். பரபரப்பு மிக்க இப்பகுதியைத் திரைப்படம் போன்றது எனக் குறைகூறியோர் உளர். அக்குறை ஓரளவுக்கு ஏற்கத்தக்கதே. எனினும் ஒன்று நோக்குதல் வேண்டும். விளையாட்டாகப் பயின்ற கலை இங்கே மெய்யாகவே உயிர்காக்கின்றது. ஹரியற் தான் விரும்பிய வீரக்கதையின் தலைவியாகவே ஆகிவிடுகின்றாள். அவ்வெற்றி கைக்கு வந்த வேளையிலேயே அதன் பொருள் அழிந்துபோகின்றது என்பதே ஆசிரியை அமைத்த வஞ்சம்.

நோயுற்று மருத்துவமனையிற் கிடக்கும் ஹரியற், டானி உயிர் பிழைத்துக் கைதான செய்தியை அறிகின்றாள். அதனை ஒட்டித் தந்தையின் வாயிலிருந்து பேச்சோடு பேச்சாக ஒரு செய்தி வெளிப்படுகின்றது. டானி என்னும் அப்பையன் அந்நாளில் றொபினோடு விளையாடியவன். றொபினின் சின்னத் தோழன். நூலின் தலைப்பு இதுகாறும் ஹீலியைக் குறிக்கும் என எண்ணியிருந்தோர் திகைப்பர். டானியின் நினைவுகளூடாகச் சென்ற கூர்த்த வாசகன் இதனை ஓரளவு முன்னரே உய்த்துணர்ந்திருப்பான்; ஹரியற்றுக்கோ இது முற்றிலும் புதிது. தமையனின் பொருட்டு அவள் கொல்லத் துணிந்தவன், வீட்டுக்கு வெளியே றொபினை நேசித்த மிகச் சிலருள் ஒருவனாய் இருக்கலாம். பேசாதிருந்த குடும்பத்தில் எவரேனும் ஒருவர் இவ்வொரு செய்தியைப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறை கூறியிருப்பின், இக்கதையே நிகழ்ந்திராது. தந்தை அதனை இப்பொழுது கூறுவதும் மனமறிந்து கூறியதன்று. அதன் பாரம் அவனுக்குத் தெரியாது. மகளுக்கு மட்டுமே தெரியும். அவள் அதனை எவரிடமும் கூறல் இயலாது. குடும்பத்தின் வாய்மூடலுக்கு இனி அவளும் உரியவளாகின்றாள்.

விடை கூறாமையைப் பற்றிய குற்றச்சாட்டை இந்நிலையில் நின்று நோக்குதல் வேண்டும். முன்னுரையிற் கொலையை அத்துணை நுணுக்கமாக விரித்துரைத்து, மழை, மரம், கயிறு, குழந்தைகள் எனத் தடயங்களைப் போலப் பொருள்களை அடுக்கிவிட்டு, பின்னர் அவற்றைக் கைவிடுதல் வாசகனுக்குச் செய்யும் அநீதியே என்பர். முன்னுரை வாக்களிப்பது போலத் தோன்றுகின்றது என்பதை மறுத்தல் இயலாது. இன்னும் சற்று அடக்கமாக எழுதியிருப்பின் இக்குறை நேர்ந்திராது. ஆயினும் விடை கிடைத்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் என எண்ணிப் பார்த்தல் நன்று. கொலைஞன் வெளிப்பட்டிருப்பான், ஹரியற்றின் வேட்டை நியாயமாகியிருக்கும், நாகம் எறிந்ததும் வீரச்செயலாகியிருக்கும். றொபினின் சாவும் ஏனைய குடும்பக் கதைகளைப் போல மெருகேற்றப்பட்டு, அத்தைமார் மாலைவேளைகளிற் கூறும் கதைகளுள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அம்மெருகை ஒரு குழந்தையின் சாவுக்கு ஏற்ற ஆசிரியை மறுக்கின்றார். துப்பறியுங் கதை மரணத்தைப் புதிராக்கிப் பின் புதிரை அவிழ்ப்பதனால், மரணமே அவிழ்ந்துவிட்டதெனும் மயக்கத்தைத் தருகின்றது. றொபின் எவராற் கொல்லப்பட்டாலும் இறந்தவனே. சார்லற் எழுந்திரிக்கப் போவதில்லை. ஐடா திரும்பி வரப்போவதுமில்லை.

நாவலின் இறுதிப் பக்கங்களில் ஒலிப்பது ஹரியற்றின் குரலன்று. ஹீலி தன் தமையன் பெம்பர்ட்டனிடம் அக்கோடையின் நிகழ்ச்சிகளைச் சொல்ல முற்படுகின்றான். தன் தோழி செய்த அருஞ்செயல்களை எண்ணி அவன் வியக்கின்றான். டானி குற்றவாளி என்பதில் அவனுக்கு ஐயமேயில்லை. ஹரியற் அறிந்ததனை அவன் அறியான். அவ்வூரில் இன்னுமொரு கதை கூறத் தொடங்கப்படுகின்றது.